எண்ணிக்கையும் எடையும்: இயற்பியல் அறிஞர் கே.எஸ். கிருஷ்ணன்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்துக்கு விலை வைப்பது தனிக் கலையாக இருந்தது. வெவ்வேறு துளையளவுள்ள பித்தளைச் சல்லடைகளில் சலித்து முதலில் அளவு பிரிப்பார்கள். பிறகு வடிவமும் ஒளியும் பார்த்துத் தரம் பிரித்து, களஞ்சு, மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். எத்தனை முத்து என்று எண்ணி மட்டும் விலை பேசுவதில்லை. முத்து வணிகம் செய்த காயல்பட்டினம், கீழக்கரைக் குடும்பங்களுக்கு இது தெரிந்த செய்திதான்.

ஆனால் இன்று விஞ்ஞானிகளை அளக்க எண்ணே முதல் கருவியாகிவிட்டது. ஒருவர் எத்தனை ஆய்வுக் கட்டுரை எழுதினார், பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று கணினி கூட்டிச் சொல்கிறது. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்பவர் 'எச் குறியீடு' என்ற கணக்கை முன்வைத்தார். ஒருவருடைய 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 20. ஹிர்ஷ், திட, திரவப் பொருள்களின் இயல்பை ஆராயும் செறிபொருள் இயற்பியலைச் சேர்ந்தவர். அதே துறையில் நம் தென்மாவட்டத்தில் பிறந்த ஓர் அறிஞரின் வாழ்வை இந்த அளவுகோலோடு வைத்துப் பார்ப்போம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று, இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப்படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அங்கேயே வேதியியல் செயல்விளக்குநராகப் பணியாற்றியபோது, மதிய உணவு நேரத்தில் மாணவர்கள் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்தினார். கேள்வி கேட்பதும் கேட்க வைப்பதும் அவருக்கு அப்போதே வழக்கமாகியிருந்தது.

1920களில் கல்கத்தா சென்று சர் சி.வி. ராமனிடம் ஆய்வுக்குச் சேர்ந்தார். திரவத்தில் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்பதை இருவரும் சுமார் 60 திரவங்களில் கண்டு, 1928 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் இருவர் பெயரிலும் வெளியிட்டார்கள். 1930-இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. முத்தின் நிறம் இயற்கையா, ஏற்றிய சாயமா என்று பார்க்க ரத்தினப் பரிசோதனைக் கூடங்கள் இன்று ராமன் விளைவையும் பயன்படுத்துகின்றன. அந்தப் பெயரைச் சொல்லும் கட்டுரைகளுக்குக் கணக்கில்லை. மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பவர்கள் மிகச் சிலரே. பொதுச் சொத்தாகிவிட்ட கண்டுபிடிப்பு மேற்கோள் கணக்கில் மெலிந்தே தெரியும்.

கிருஷ்ணன் 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்தப் பண்பு என்ற வேறு பாதையில் இறங்கினார். மெல்லிய இழையில் சிறு படிகத்தைக் காந்தங்களுக்கிடையே தொங்கவிட்டு, இழையை முறுக்கிக்கொண்டே போய், படிகம் எப்போது திரும்புகிறது என்று பார்ப்பதே அவருடைய முறை. அந்த எளிய கருவியிலிருந்து கிடைத்த அளவுகள் அணுக்கள் படிகத்துக்குள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தைக் காட்டின. 1933-இல் கல்கத்தா திரும்பிய பின், பென்சிலில் உள்ள கிராஃபைட் தன் அடுக்குகளின் ஊடாக மின்சாரத்தை நன்கு கடத்துவதையும், அடுக்குக்குக் குறுக்கே மிகக் குறைவாகவே கடத்துவதையும் அளந்தார். அந்த ஓரடுக்கு கிராஃபைட்டைப் பிரித்தெடுத்து ஆராய்ந்ததற்குத்தான் 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

1940களில் அலகாபாத்தில் இருந்தபோது, உருகிய உலோகத்தின் மின்தடை குறித்து ஏ.பி. பாட்டியாவோடு சேர்ந்து எழுதினார். அன்று அது பெரிய அலையை எழுப்பவில்லை. 1961-இல் ஜான் சைமன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் அதே அடிப்படையில் விரிவான கோட்பாட்டை வெளியிட்டார். அதற்கு முன்னோடியாக இவர்களின் ஆய்வு இன்று பேசப்படுகிறது. ஐந்தாண்டு மேற்கோளை எண்ணியிருந்தால் அந்த ஆய்வு தோல்வி என்றே பதிவாகியிருக்கும்.

1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1946-இல் சர் பட்டம், 1947-இல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1954-இல் பத்மபூஷண் என்று சிறப்புகள் வந்தன. தமிழிலும் அறிவியல் கட்டுரைகள் எழுதினார். 1961 ஜூன் 14 அன்று டெல்லியில் காலமானார். தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பும் அதே ஆண்டில்தான். உலகின் அறிவியல் மேற்கோள் பட்டியல் முறையாக வெளிவரத் தொடங்கியது அதற்குப் பிறகு, 1964-இல்.

நம் பிள்ளைகள் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறார்கள். எந்தப் பேராசிரியரிடம் சேர்வது என்று பார்க்கும்போது இணையத்தில் முதலில் கண்ணில் படுவது எச் குறியீடுதான். அதையும் பார்க்கட்டும், சல்லடையும் தேவைதான். அதோடு நின்றுவிடாமல், அவர் எந்தக் கேள்வியின் பின்னால் போகிறார், மாணவரைக் கேள்வி கேட்க விடுகிறாரா என்றும் விசாரிக்கச் சொல்வோம். வத்திராயிருப்பு கிருஷ்ணனை அந்த எடையில்தான் நிறுக்க முடியும்.