நாதமுனிகளும் அரையர் சேவையும்

தில்லை நகரினின்றும் புறப்பட்டுக் காவிரியைக் கடந்து, மார்கழித் திங்களில் திருவரங்கம் பெரிய கோயிலுட் புகுவோர், கூம்பு வடிவான குல்லாயணிந்து, கையில் தாளமேந்தி, ஆழ்வார் பாசுரங்களை இசைத்தும் அபிநயித்தும் நிற்கும் அரையர்களைக் காண்பர். இவ்வாடல் எவ்வாறு தோன்றிற்றென நாம் ஆராயப் புகுந்தால், அது நம்மை நாதமுனிகளிடத்தே கொண்டு சேர்க்கும்.

இவர் இற்றைக்கு 1,000 ஆண்டுகட்கு முன்னர், இன்று காட்டுமன்னார்கோயில் எனப்படும் வீரநாராயணபுரத்தில் வாழ்ந்தவர். ஒருநாள் அவ்வூர்க் கோயிலுக்கு வந்த யாத்திரிகர் சிலர், குடந்தைப் பெருமான்மீது நம்மாழ்வார் அருளிய பத்துப் பாசுரங்களைப் பாடினர். ஆயிரத்துள் இவை பத்து என்னும் குறிப்பை அவற்றின் ஈற்றிற் கேட்ட முனிகள், எஞ்சியவை யாண்டுள்ளன என வினவினார், வந்தவர் அறிந்திலர். முனிகள் திருக்குருகூர் சென்று, மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண்சிறுத்தாம்பை 12,000 உரு ஓதி, நாலாயிரத்தையும் பெற்று மீண்டனர் என்று குருபரம்பரை கூறும். அவ்வரலாற்றை எவ்வாறு கொள்ளினும், மறைந்தொழிய இருந்த அத்தமிழைத் தேடித் தொகுத்த பெருமை இவருடையதே.

தொகுத்ததோடு அமைந்தாரல்லர். ஏட்டில் மட்டும் உறைவது மீண்டும் மறையுமென அஞ்சினார் போலும்! பாசுரங்கட்கு இசை வகுத்து, தம் மருமக்களாகிய மேலையகத்தாழ்வார், கீழையகத்தாழ்வார் இருவர்க்கும் கற்பித்தார். அரையர் மரபு அவர் வழியே வளர்ந்ததென்பர்.

இவர் இசைப்புலமையைப் பற்றி ஒரு கதை உண்டு. சோழன் அவையில் ஆடல் மகளிர் இருவர் பாடினர். ஒருத்தி வழக்கிலிருந்த மானிடகானமும், மற்றவள் அரிய தேவகானமும் பாட, பின்னதன் நுட்பம் அரசனுக்குப் புலப்படவில்லை, முன்னவளையே சிறப்பித்தான். மற்றவள் வீரநாராயணபுரம் போந்து மன்னனார் திருமுன் பாடினாள். முனிகள் அதன் அருமையுணர்ந்து, கோயில் மரியாதைகளை அவட்கு அளிப்பித்தார். இது கேட்ட அரசன் நேரில் வந்து காரணம் வினவ, பல தாளங்களை ஒருங்கே தட்டுவித்து, ஓசை கொண்டே ஒவ்வொன்றின் நிறையையும் முனிகள் கூறினராம். நமக்கோ தாளத்தின் அற்புதத்தினும் அம்மாதின் செய்தியே பெரிதாகத் தோன்றுகிறது. அரசன் புறக்கணித்த கலை, அதனை அறியும் செவியொன்று இருந்தமையாற் பிழைத்தது.

அரையர் சேவையின் முத்துக்குறி என்னும் பகுதியில், ஆடவராகிய அரையர் ஒருவரே தாயாகவும் மகளாகவும் குறிசொல்லும் கட்டுவிச்சியாகவும் மாறி அபிநயிப்பார். வேற்று வேடமில்லை, குரலும் கையுமே வேற்றுமை காட்டும். முன்னாளிற் பல திருப்பதிகளில் நிகழ்ந்த இச்சேவை, தமிழ்நாட்டில் இன்று திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்னும் மூன்று தலங்களில் நிலவுகின்றது. இவற்றுள் ஆழ்வார்திருநகரி, நாதமுனிகள் பாசுரம் தேடிச் சென்ற அத்திருக்குருகூரே.