பாய்லர் விரிசலைத் தேடிய கருவி கர்ப்பிணியின் வயிற்றுக்கு வந்தது எப்படி? யார் இந்த இயன் டொனால்ட்?

எட்டாம் மாதத்தில் டாக்டர் ‘க்ரோத் ஸ்கேன்’ எழுதிக் கொடுப்பது இப்போது பழகிப்போன விஷயம். ஜெல் தடவி, கொஞ்ச நேரம் பார்த்து, ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு, கடைசி மாதங்களில் குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள டாக்டரின் கைதான் முக்கியக் கருவி. சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே. அதை மாற்றியவர்களில் முன்னால் நிற்பவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட்.

1910-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். முதல் பட்டம் தென்னாப்பிரிக்காவில், மருத்துவப் படிப்பு லண்டனில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் மருத்துவர். எரிந்துகொண்டிருந்த விமானத்திலிருந்து, உள்ளே குண்டுகள் இருந்தபோதும், வீரர்களை மீட்டதற்காக அரசு விருது கிடைத்தது. ரேடார், சோனார் பற்றித் தெரிந்துகொண்டதும் அந்தக் காலத்தில்தான். போருக்குப் பிறகு, மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைகளுக்கான சுவாசக் கருவிகளில் இறங்கினார். மனிதருக்கு மெஷின் என்றால் உயிர். சக டாக்டர்கள் சிலர் கிண்டல் செய்யாமலும் இல்லை.

1954-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அருகிலுள்ள ரென்ஃப்ரூவில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் நிறுவனம் இருந்தது. உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி அலை அனுப்பிக் கண்டுபிடிக்கும் கருவி அங்கே உண்டு. 1955 ஜூலையில், அறுவை சிகிச்சையில் அகற்றிய கருப்பை, சினைப்பைக் கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு டொனால்ட் அங்கே போய் இறங்கினார். ஒப்பிட்டுப் பார்க்க, நிறுவனத்தார் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டையும் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டியும் சதைக்கட்டியும் வேறு வேறு எதிரொலி தந்தன. அது போதுமானதாக இருந்தது.

அடுத்து வந்தவர் டாம் பிரவுன். கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் இன்ஜினியர். யாரோ ஒரு பேராசிரியர் விரிசல் தேடும் கருவியை மனிதர்கள் மேல் வைத்துப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, போன் டைரக்டரியில் நம்பர் தேடித் தானே அழைத்தார். படமாகக் காட்டும் ஸ்கேனரைக் கட்டியவர் அவர்தான். என்னைக் கேட்டால், இந்தக் கதையில் போதுமான அளவு பேசப்படாத ஆள் இவர்.

திருப்புமுனை ஒரு நோயாளி. இனி ஆபரேஷன் செய்தும் பயனில்லாத புற்றுநோய் என்று முடிவு கட்டப்பட்டிருந்த பெண். ஸ்கேனில் தெரிந்ததோ பெரிய சினைப்பை நீர்க்கட்டி. அகற்றினார்கள், அவர் பிழைத்தார். 1958 ஜூனில் டொனால்ட், ஜான் மெக்விகர், பிரவுன் மூவரும் எழுதிய கட்டுரை ‘தி லான்செட்’ இதழில் வந்தது.

கர்ப்பிணிகளுக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? இதே ஆண்டுகளில்தான், கர்ப்ப கால எக்ஸ்ரேவுக்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆலிஸ் ஸ்டூவர்ட் வெளிக்கொண்டு வந்தார். எக்ஸ்ரே இல்லாமல் குழந்தையின் தலையை அளக்க ஒரு வழி தேவைப்பட்டது. ஸ்கேனில் தலையின் எதிரொலி பளிச்சென்று விழுந்தது. தலை எவ்வளவு வளர்கிறது என்று திரும்பத் திரும்ப அளக்க முடிந்தது. இன்றைய க்ரோத் ஸ்கேனின் வேர் இதுதான்.

இன்னொன்று நஞ்சுக்கொடி. அது கருப்பை வாயை அடைத்துக் கிடந்தால், பிரசவ நேரத்தில் தாய் ரத்தம் இழந்தே இறக்கலாம். அப்போதெல்லாம் உறுதி செய்ய, ஆபரேஷன் தியேட்டரில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தொடுதலே ரத்தப்போக்கைக் கிளப்பிவிடலாம்! 1968-ல் டொனால்டும் உசாமா அப்துல்லாவும், ஸ்கேனில் நஞ்சுக்கொடியின் இடத்தைக் கண்டறிவது பற்றிக் கட்டுரை எழுதினார்கள்.

இன்றைய கடைசி மாத ஸ்கேனில் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகள், பனிக்குட நீர், நஞ்சுக்கொடி எல்லாம் பார்க்கப்படுகின்றன. தேவைப்பட்டால் டாப்ளரில் ரத்த ஓட்டமும். ஆனால் ரிப்போர்ட்டில் வரும் எடை ஒரு கணக்கீடுதான். 10 முதல் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். ஆரம்பத்திலேயே ஸ்கேன் எடுத்த எல்லோருக்கும் 24 வாரத்துக்குப் பிறகு வழக்கமாக இன்னொன்று தேவை என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை. பிபி, சர்க்கரை, வளர்ச்சிக் குறைவு என்று காரணம் இருக்கும்போது கதை வேறு. அப்போது தள்ளிப்போடாதீங்க.

டொனால்ட் தீவிர கிறிஸ்தவர். பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தார். இதய நோயால் பலமுறை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகும் வேலையை விடவில்லை. 1976-ல் ஓய்வு பெற்று, 1987-ல் காலமானார். அதற்குள் இந்தியாவில் ஸ்கேன் மெஷின்கள் பெண் சிசுக்களைக் கண்டறிந்து கலைக்கப் பயன்படத் தொடங்கிவிட்டன. 1994-ல் பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பனிக்குட நீர் அளவு பார்க்கத்தான் போகிறீர்கள் என்றாலும், சென்டரில் ‘எஃப்’ படிவத்தில் கையெழுத்து வாங்குவது அதனால்தான்.