பகைவரின் பிள்ளைக்கும் பசிக்கும்

போர் ஓய்ந்தால் துன்பமும் ஓய்ந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் 1918-ம் ஆண்டு நவம்பரில் முதல் உலகப்போரின் பீரங்கிகள் அடங்கிய பின்னரும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினர். சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை பிரிட்டனும் அதன் நேச நாடுகளும் கடல் முற்றுகையை நீட்டித்ததே இதற்கு முக்கிய காரணம். வியன்னா நகரில் பாலும் சத்துணவும் இன்றி, கால் எலும்புகள் வளைந்து, நடக்க இயலாத பிள்ளைகள் பலர் இருந்தனர். தோற்ற நாட்டின் அந்தப் பிள்ளைகளுக்காக, வென்ற நாட்டிலிருந்து குரல் கொடுத்தவர் எக்லண்டைன் ஜெப் அம்மையார்.

அவர் 1876-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ம் நாள் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு பயின்று, பள்ளி ஆசிரியை ஆனார். அந்தப் பணி நீடிக்கவில்லை. உடல்நலம் ஒத்துழைக்கவில்லை; சிறுவர் கூட்டத்தோடு பழகுவதும் அவருக்கு இயல்பாக வரவில்லை. இதை அவர் மறைத்ததும் இல்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவும் இல்லை. இத்தகையவரையா இறைவன் உலகக் குழந்தைகளின் தாயாகத் தேர்ந்தெடுத்தார் என்று நாம் வியக்கலாம். 1913-ல் மாசிடோனியாவில் போர் அகதிகளின் அவலத்தைக் கண்ணாரக் கண்டதுமுதல் அவர் உள்ளம் அமைதி இழந்தது.

1919-ல் அம்மையாரும் அவர் தங்கை டாரதி பக்ஸ்டனும் பஞ்ச எதிர்ப்புப் பணியில் இறங்கினர். எலும்பும் தோலுமான ஆஸ்திரியக் குழந்தையின் படம் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்களை லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அம்மையார் வழங்கினார். தணிக்கை அதிகாரிகளின் அனுமதி பெறவில்லை என்று அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. நீதிமன்றத்தில் தமக்காகத் தாமே வாதாடினார். தீர்ப்பு 5 பவுன் அபராதம். வழக்கு முடிந்ததும், அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞர் சர் ஆர்ச்சிபால்ட் பாட்கினே 5 பவுன் எடுத்து அவரிடம் நீட்டினாராம்! குழந்தைகள் பாதுகாப்பு நிதிக்குக் கிடைத்த முதல் நன்கொடை அதுவே என்பர்.

1919 மே 19-ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அந்த நிதி தொடங்கப்பட்டது. பகைவரின் பிள்ளைகளுக்கு உணவா என்று சினந்து வந்தவர்களும் கூட்டத்தில் இருந்தனர். அம்மையார் அஞ்சவில்லை.

அம்மையார் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் உரோமைக்குச் சென்று பாப்பரசர் 15-ம் ஆசீர்வாதப்பரைச் சந்தித்து உதவி கோரினார். பசியால் வாடும் மத்திய ஐரோப்பியக் குழந்தைகளுக்காக, மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகிய டிசம்பர் 28-ல் ஆலயங்களில் காணிக்கை திரட்டுமாறு பாப்பரசர் 1919 நவம்பரில் சுற்றுமடல் விடுத்தார். மறு ஆண்டு டிசம்பரில் விடுத்த மடலில் இந்த நிதியைப் பெயர் சொல்லியே பாராட்டினார். பிரிந்து நின்ற சபைகளைக் குழந்தையின் பசி ஒன்றுசேர்த்தது.

1921-ல் ரஷ்யாவில் வால்கா நதிப் பகுதியில் கொடும் பஞ்சம் பரவியது. பல ஆண்டுப் போரால் நலிந்த நாட்டில் மழையும் பொய்த்தது. லட்சக்கணக்கானோர் மாண்டனர். உள்நாட்டில் ஏழைகள் இருக்க, ரஷ்யருக்கு ஏன் கொடுக்கவேண்டும் என்று லண்டனில் எதிர்ப்பு எழுந்தது. அம்மையார் பத்திரிகைகளில் பெரிய விளம்பரங்கள் வெளியிட்டார். பஞ்சக் காட்சிகளைப் படம் பிடிக்கச் செய்து மக்களுக்குக் காட்டினார். சராத்தவ் மாகாணத்தில் உணவுக்கூடங்கள் திறக்கப்பட்டன. சுமார் 3,00,000 குழந்தைகள் அங்கே உணவு பெற்றனர். அவருடைய இரக்கம் கண்ணீரோடு நிற்கவில்லை. கப்பலாகவும் மாவாகவும் கணக்கேடாகவும் மாறியது.

கஞ்சி ஊற்றினால் மட்டும் போதாது, குழந்தைக்கு உரிமையும் வேண்டும் என்று அவர் கண்டார். 1923-ல் ஐந்தே பிரிவுகளில் குழந்தை உரிமைச் சாசனம் ஒன்றை வரைந்தார். பசித்த பிள்ளைக்கு உணவும், நோயுற்ற பிள்ளைக்கு மருத்துவமும், அநாதைக்கு அடைக்கலமும் தரப்படவேண்டும். ஆபத்து வேளையில் முதல் உதவி குழந்தைக்கே சேரவேண்டும் என்பன அதன் சாரம். 1924-ல் சர்வதேச சங்கம் அதை ஏற்றது. 1959-ல் ஐக்கிய நாடுகள் சபையின் பிரகடனத்திற்கும், 1989-ல் உருவான குழந்தை உரிமை உடன்படிக்கைக்கும் அதுவே வித்து.

ஓயாத உழைப்பாலும் நோயாலும் தளர்ந்த அம்மையார், 1928 டிசம்பர் 17-ல் ஜெனிவாவில் தம் 52-ம் வயதில் கண்மூடினார்.

அன்புத் தோழியரே! நமக்குப் பிடித்தவர்களுக்குக் கொடுப்பது எளிது. குழந்தைகளோடு கொஞ்சிப் பழகத் தெரியாத ஒருவர், தம் நாட்டின் பகைவர் பிள்ளைகளுக்கு உணவளித்தார். அன்பு என்பது வெறும் உணர்ச்சி அன்று, நாம் எடுக்கும் முடிவு என்பதை அவர் வாழ்வு நமக்குக் கற்பிக்கிறது. நம்மோடு பேசாத தோழி மதிய உணவு கொண்டுவராத நாளில், நம் சோற்றில் பாதியை அவள்பக்கம் நகர்த்துவோம். தவக்கால உண்டியலில் இடும் காசு யார் வீட்டுப் பிள்ளைக்குப் போகும் என்று கேளாமலே இடுவோமாக.