மேக நோயை வென்ற 606

1909-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி. ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரம். ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு பேர் ஒரு முயலின் முன்னால் நிற்கிறார்கள். ஒருவர் ஜப்பானிய டாக்டர் ஹாடா. மற்றவர் கண்ணாடி அணிந்த, தாடி வைத்த சிறிய மனிதர். வாயில் சுருட்டு; கக்கத்தில் சுருட்டுப் பெட்டி. அவர்தான் பால் எர்லிக்.

முயலுக்கு மேகப் புண். மஞ்சள் நிறத் தூள் ஒன்றைக் கரைத்து அதற்கு ஊசி போட்டார்கள். மறுநாள் புண்ணிலிருந்து நீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லை. ஒரு மாதத்துக்குள் புண்ணும் ஆறிவிட்டது. அந்த மருந்துக்கு அன்று பெயர் கிடையாது. எண்தான் உண்டு: 606.

மேக நோய் ஐரோப்பாவை 400 ஆண்டுகளாக ஆட்டிப் படைத்த நோய். நம் நாட்டில் அதற்குப் பறங்கிப் புண் என்று ஒரு பெயர். கப்பலில் வந்த பறங்கியரோடு வந்த வியாதி என்பதைப் பெயரே சொல்லுகிறது. உடலுறவால் தொற்றுவது. முதலில் ஒரு புண், வலிகூட இராது. அது தானே மறையும். பிறகு உடம்பெல்லாம் படை. அதுவும் மறையும். நோய் போய்விட்டது என்று நோயாளி மகிழ்ந்திருப்பான். பல ஆண்டுகள் கழித்து அது மூளையையும் இருதயத்தையும் பிடிக்கும். சிலருக்குப் பைத்தியம், சிலருக்குப் பக்கவாதம். கணவனிடமிருந்து ஒரு பாவமும் அறியாத மனைவிக்கு, அவளிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு என்று அது குடும்பத்தையே தொடரும்.

வைத்தியம் என்ன? பாதரசம். அதை உடம்பில் தேய்த்தார்கள், புகை போட்டார்கள். எச்சில் ஊற்றாய்ப் பெருகும்; பல் ஆடி விழும். நோய் பாதி, மருந்து பாதி என்று ஆளை உருக்கிவிடும்.

சாயப் பைத்தியம்

எர்லிக் 1854-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி ஸ்டிரேலன் என்ற சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. வைத்தியம் படிக்கப் போனவருக்கு வைத்தியத்தைவிடச் சாயத்தின் மீதே ஆசை. ஒரு சாயம் ஒரு வகை அணுவில் மட்டும் பிடிக்கிறது, பக்கத்து அணுவில் பிடிப்பதில்லை, இது ஏன்? இந்த ஒரு கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1878-ல் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய கட்டுரையும் சாயத்தைப் பற்றியதே.

1882-ல் ராபர்ட் காக் காச நோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அந்தக் கூட்டத்தில் எர்லிக் இருந்தார். உடனே அந்தக் கிருமிக்கு இன்னும் நன்றாகச் சாயமேற்றும் முறையை அவர் கண்டார். சில ஆண்டுகளில் அதே கிருமி அவருடைய கோழையிலேயே தென்பட்டது! 1888-ல் மனைவி ஹெட்விக்குடன் எகிப்துக்குப் போனார். அந்த வெயிலில் தேறித் திரும்பினார்.

தொண்டை அடைப்பான் நோய்க்கான சீரத்தை அளந்து கொடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய ஆராய்ச்சிக்காக 1908-ல் நோபல் பரிசு பெற்றார். இத்தனைக்குப் பிறகும் பல்கலைக் கழகப் பேராசிரியர் பதவி முறையாகக் கிடைக்க 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யூதர் என்பதற்கு மேல் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இராமபாணம்

சாயம் குறிப்பிட்ட அணுவைத் தேடிப் பிடிக்கிறது. அப்படியானால் கிருமியை மட்டும் தேடிப் பிடித்துக் கொல்லும் விஷம் ஒன்று ஏன் இருக்கக் கூடாது? நோயாளியின் உடம்பு தப்ப வேண்டும், கிருமி மாள வேண்டும். நம்மவர் இராமபாணம் என்பார்கள். எர்லிக் அதை மந்திரக் குண்டு என்று அழைத்தார்.

ஆர்செனிக் என்னும் பாஷாணம் கலந்த அடாக்சில் என்ற மருந்து அவர் கண்ணில் பட்டது. ஆப்பிரிக்காவில் தூக்க நோய்க்கு அதைக் கொடுத்தபோது சிலருக்குக் கண் பார்வையே போயிற்று. அதன் அமைப்பை ரசாயன நிபுணர்கள் தவறாக எண்ணியிருக்கிறார்கள் என்று எர்லிக் சாதித்தார். பெர்ட்ஹைம் என்ற ரசாயன நிபுணர் அவர் பக்கம் நின்று, அவர் சொன்னதே சரி என்று நிரூபித்தார். பிறகு அதை மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்தார்கள். உதவியாளர்களுக்குத் தினமும் வண்ண வண்ணச் சீட்டுகளில் கட்டளை போகும். எர்லிக்கின் அறையில் வந்தவர் உட்கார நாற்காலி இராது; எல்லாவற்றிலும் புத்தகக் குவியல். சுருட்டோ நாளைக்கு 25!

1905-ல் ஷாடின், ஹாப்மன் என்ற இரு ஜெர்மானியர் மேக நோய்க் கிருமியைக் கண்டார்கள். திருகாணி போல் நெளியும் கிருமி. அதை முயலுக்கு ஏற்றும் வித்தையைக் கற்றிருந்த ஹாடா 1909-ல் பிராங்பர்ட் வந்தார். பழைய மருந்துகள் அனைத்தையும் மறுபடி சோதிக்கும்படி எர்லிக் அவரைப் பணித்தார். 606-ஐ முன்பே ஓர் உதவியாளர் பயனில்லை என்று ஒதுக்கியிருந்தார். ஹாடாவின் பொறுமைதான் அதை மீட்டது.

1910 ஏப்ரலில் வீஸ்பாடன் நகர மாநாட்டில் செய்தி வெளியாயிற்று. உலகெங்கும் இருந்து கடிதங்கள், தந்திகள். ஆனாலும் எர்லிக் உடனே விற்க விடவில்லை. ஹெக்ஸ்ட் கம்பெனி சுமார் 65,000 ஊசிகளை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. பலன்களை அறிந்த பிறகே அந்த ஆண்டு இறுதியில் சால்வர்சான் என்ற பெயரில் மருந்து கடைக்கு வந்தது. இலங்கையில் பரங்கி என்று வழங்கும் நோய் வேறு. அதன் கிருமி மேகக் கிருமிக்குப் பங்காளி. அந்தப் புண்களையும் இதே மருந்து ஆற்றியது.

வந்தது பழி

மருந்து பாஷாணம்தானே! காற்றுப் பட்டால் அதன் விஷம் ஏறும். கண்ணாடிக் குப்பியை உடைத்ததும் பக்குவமாகக் கலக்க வேண்டும். அப்படிச் செய்யாதவர்களாலும், மருந்தின் கொடுமையாலும் சிலர் இறந்தார்கள். எர்லிக் ஒவ்வொரு மரணத்துக்கும் கணக்குக் கேட்டார். 1912-ல் எளிதில் கரையும் நியோசால்வர்சானைக் கொண்டுவந்தார்.

எதிரிகள் சும்மா இருக்கவில்லை. பாவத்தின் சம்பளத்தை ஊசியால் தடுப்பதா என்று சிலர் சீறினார்கள். பணத்துக்காக மனிதரைப் பலியிடுகிறார் என்றார்கள் வேறு சிலர். பிராங்பர்ட் ஆஸ்பத்திரியில் விலைமாதர்களுக்குக் கட்டாயமாக ஊசி போடுவதாக வாஸ்மன் என்பவர் எழுதினார். 1914-ல் வழக்கு நடந்தது. எர்லிக் சாட்சி சொன்னார். வாஸ்மனுக்கு ஓராண்டுச் சிறை. வழக்கில் ஜெயித்தும் எர்லிக்கின் மனம் தேறவில்லை.

அந்த ஆண்டே உலக யுத்தம் மூண்டது. ஜெர்மன் படையை ஆதரித்து 93 அறிஞர்கள் விட்ட அறிக்கையில் எர்லிக்கும் கையெழுத்திட்டார். அது அவருக்குப் பெருமை தருவதல்ல. 1915 ஆகஸ்டு 20-ந் தேதி, 61-வது வயதில் மாரடைப்பால் காலமானார்.

சுமார் 30 ஆண்டுகள் அவருடைய மருந்தே மேக நோய்க்குக் கதியாக இருந்தது. 1943-ல் அமெரிக்க டாக்டர் மஹோனி பென்சிலினால் நான்கு நோயாளிகளைக் குணப்படுத்தினார். பாஷாணம் விடைபெற்றது. அந்தப் பென்சிலினைக் கண்ட பிளெமிங், வாலிபராக இருந்தபோது லண்டனில் சால்வர்சான் ஊசி போட்டவர்தான்!

நாஜிகள் பிராங்பர்ட் தெருவொன்றிலிருந்து எர்லிக்கின் பெயரை எடுத்தார்கள். ஹெட்விக் அம்மையார் 1939-ல் நாட்டை விட்டு வெளியேறி, பிறகு அமெரிக்கா சென்றார். யுத்தம் முடிந்ததும் தெருவுக்குப் பழைய பெயர் திரும்பிற்று. பின்னர் ஜெர்மனியின் 200 மார்க் நோட்டில் எர்லிக்கின் முகம் அச்சாயிற்று. யூரோ நாணயம் கைக்கு வந்த 2002 வரை அந்த நோட்டு புழங்கியது.