செம்பட்டை முடிக் குருவும் பெயரற்ற பிள்ளைகளும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நெருங்கும்போது உலகின் பல பேராலயங்களில் பாடகர் குழுக்கள் ஆர்வத்தோடு பயிற்சி செய்யும் பாடல்களுள் ஒன்று, விவால்டி இசையமைத்த வானவர் கீதம். 'நான்கு பருவங்கள்' என்னும் அவரது வயலின் இசையும் உலகறிந்தது. ஆனால் அவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதும், கைவிடப்பட்ட பெண் பிள்ளைகளுக்காகப் பல ஆண்டுகள் இசை எழுதியவர் என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி.

அந்தோனியோ விவால்டி 1678-ஆம் ஆண்டு மார்ச் 4 அன்று இத்தாலியின் வெனிஸ் நகரில் பிறந்தார். குழந்தை பிழைக்குமோ என்ற அச்சத்தில் மருத்துவச்சியே வீட்டில் அவசரத் திருமுழுக்கு அளித்தார். ஆலயத்தில் எஞ்சிய சடங்குகள் இரண்டு மாதங்களுக்குப் பிறகே நடந்தன. முடிதிருத்தும் தொழில் செய்துவந்த தந்தை, பின்னர் புனித மாற்கு பேராலயத்தில் வயலின் கலைஞர் ஆனார். விவால்டி 1703-ஆம் ஆண்டு தமது 25-ஆம் வயதில் குருப்பட்டம் பெற்றார். அவரது செம்பட்டை முடியைக் கண்டு மக்கள் அவரைச் செம்பட்டைக் குரு என்றே அழைத்தனர்.

ஆனால் பிறந்த நாள் முதல் இருந்த நெஞ்சு நோய் அவரை விடவில்லை. மூச்சு முட்டியதால் மூன்று முறை திருப்பலியை முடிக்க முடியாமல் பீடத்தை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. குருவாகிச் சிறிது காலத்திலேயே திருப்பலி நிறைவேற்றுவதை அவர் நிறுத்திவிட்டார். ஒரு இளங்குருவுக்கு இதைவிட வேறு என்ன வேதனை இருக்க முடியும்?

அதே 1703-ஆம் ஆண்டில்தான் அவருக்கு வேறொரு கதவு திறந்தது. வெனிசில் 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவி ஒருவர் தொடங்கிய பியேத்தா என்னும் குழந்தைகள் இல்லம் இருந்தது. அதன் சுவரில் ஒரு சிறு மாடம். வளர்க்க வழியற்ற தாய்மார் தம் பச்சிளங்குழந்தைகளை அதில் வைத்துச் செல்வார்கள். என்றாவது ஒருநாள் அடையாளம் காட்டி மீட்டுக்கொள்ளலாம் என்ற ஏக்கத்தில், பாதியாக வெட்டிய பதக்கத்தைக் குழந்தையோடு விட்டுச் சென்றவர்களும் உண்டு. மறுபாதியோடு திரும்பி வந்தவர்கள் சிலரே.

இந்த இல்லத்துப் பெண் பிள்ளைகளுக்கு வயலின் ஆசிரியராக விவால்டி சேர்ந்தார். இடையிடையே பிரிந்தாலும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் அந்த உறவு தொடர்ந்தது. குடும்பப் பெயர் இல்லாத அப்பிள்ளைகளை அவர்கள் வாசித்த கருவியின் பெயரால் அழைத்தார்கள். வயலின் அன்னா மரியா அவர்களுள் புகழ்பெற்றவர். அவருக்காகவே விவால்டி பல வயலின் இசைக்கோவைகளை எழுதினார். ஆலயத்தின் மேல்மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் முகம் தெரியாமல் அவர்கள் பாடியதைக் கேட்க ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து பயணிகள் வந்தார்கள். நாம் இன்று பாடும் வானவர் கீதமும் இந்தப் பிள்ளைகளின் குரலுக்காக எழுதப்பட்டதே.

அவரது புகழ் பரவியது. ஜெர்மனியில் பாக் அவரது படைப்புகளைப் படியெடுத்துப் பயின்றார். ஆனால் விவால்டி குறையற்றவர் அல்லர். இசை நாடகங்களுக்காக ஊர் ஊராகப் பயணம் செய்தார். பணப் பேரமும் பேசினார். 1737-இல் பெர்ராரா நகரின் பேராயரான கர்தினால் ரூஃபோ, அவர் அந்நகருக்குள் வரத் தடை விதித்தார். திருப்பலி நிறைவேற்றாததும், ஒரு பாடகியோடு கொண்டிருந்த நட்பும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. விவால்டி அப்பழியை மறுத்து, தம் நோயை விளக்கிக் கடிதம் எழுதினார். தடை நீங்கவில்லை.

ஆதரவு தேடி 1740-இல் அவர் வியன்னாவுக்குப் புறப்பட்டார். அவரை மதித்த பேரரசர் ஆறாம் சார்லஸ் அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். 1741 ஜூலை 28 அன்று, 63-ஆம் வயதில், விவால்டி வறுமையில் இறந்தார். மருத்துவமனைக் கல்லறைத் தோட்டத்தில் எளிய அடக்கம். அந்தக் கல்லறை இன்று இல்லை. அவரது இசையும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது.

1926-இல் வட இத்தாலியில் ஒரு சலேசியக் கல்லூரி, கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் தேடித் தன்னிடமிருந்த பழைய இசைச் சுவடிகளை விற்க எண்ணியது. ஆராய்ந்தபோது அவற்றில் பல விவால்டியின் கையெழுத்துப் படிகள் எனத் தெரிந்தது. வாங்குவதற்குத் தூரின் தேசிய நூலகத்திடம் பணம் இல்லை. குழந்தையாக இறந்த தம் மகன் மவுரோவின் நினைவாக ரொபெர்த்தோ ஃபோவா அவற்றை வாங்கி அளித்தார். எஞ்சிய பகுதி ஜெனோவாவில் ஒரு குடும்பத்திடம் இருந்தது. சிறுவயதில் இறந்த தம் மகன் ரென்சோவின் நினைவாக 1930-இல் அதை வாங்கித் தந்தவர் பிலிப்போ ஜொர்தானோ. 1939-இல் சியன்னா நகரில் வானவர் கீதம் மீண்டும் ஒலித்தது.

பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இசையைப் பிள்ளைகளை இழந்த பெற்றோரே உலகுக்கு மீட்டுத் தந்தார்கள். பீடத்தில் நிற்க இயலாத ஒரு குருவின் உழைப்பு இன்று எத்தனையோ பீடங்களின் முன் ஒலிக்கிறது. நம்மால் செய்ய இயலாமற்போன ஒன்றை எண்ணி நாம் சோர்ந்திருக்கும்போது, இயலக்கூடிய வேறொன்று அருகிலேயே காத்திருக்கிறதா என்று பார்ப்போமா?