வெற்று அம்பாரி

முகலாயப் பேரரசர் ஷாஜகானின் மூத்த மகனாக 1615ஆம் ஆண்டு அஜ்மீரில் பிறந்தவர் தாரா ஷிகோ. கல்வியில் பெருவேட்கை கொண்ட இவர், காசிப் பண்டிதர்களின் துணையுடன் ஏறத்தாழ ஐம்பது உபநிடதங்களை 1657இல் பாரசீக மொழியில் பெயர்த்தார். சமயங்களின் ஒற்றுமையை நாடிய இவ்வறிஞரின் வாழ்வு, படைத்தலைமை குறித்தும் ஓர் அரிய பாடத்தைக் கற்பிக்கிறது.

இளவல் ஔரங்கசீப் தக்காணத்திலும் பால்க்கிலும் வீரர்களோடு தங்கிக் களப் பட்டறிவு பெற்றார். தாராவோ தந்தையின் அரவணைப்பில் அரசவையிலேயே வாழ்ந்தார். தமக்குரிய மாகாணங்களையும் பெரும்பாலும் பிரதிநிதிகள் வழியே ஆண்டார். 1653இல் காந்தகாரை முற்றுகையிட்டுத் தோல்வியுடன் திரும்பினார். முதிர்ந்த தளபதிகளை எள்ளும் இயல்பும் இவரிடம் இருந்தது. அதனால் புறத்தே பணிந்தோர் பலர் அகத்தே விலகி நின்றனர்.

1657இல் ஷாஜகான் நோயுற்றதும் அரியணைப் போர் மூண்டது. தாராவின் தேர்ந்த படைப்பிரிவு, மகன் சுலைமான் ஷிகோவின் தலைமையில் கிழக்கே சென்றிருந்தது. அது திரும்பும்வரை காத்திராமல், பயிற்சி குன்றிய புதியவர்களையும் சேர்த்துக்கொண்டு, 1658ஆம் ஆண்டுக் கோடையில் ஆக்ராவை அடுத்த சாமுகரில் ஔரங்கசீப், முராத் ஆகியோரின் படைகளை எதிர்கொண்டார். நெடுவழி நடந்து களைத்து வந்த பகைவரை உடனே தாக்கவில்லை. கவசம் அணிந்த தம் வீரர்களைப் பகல் முழுவதும் கொளுத்தும் வெயிலில் வாளா நிறுத்தினார். பகைவர் இளைப்பாறினர், தாராவின் வீரர்கள் சோர்ந்தனர்.

மறுநாள் ருஸ்தம் கானும் இராசபுத்திரத் தலைவர்களும் உயிரைத் துச்சமென மதித்துப் போரிட்டு வீழ்ந்தனர். வலப்பக்கப் படைக்குத் தலைமை தாங்கிய கலீலுல்லா கானோ முனைந்து போரிடவில்லை. நெருக்கடி முற்றியபோது தாரா யானையிலிருந்து இறங்கிக் குதிரையேறினார். வெற்று அம்பாரியைக் கண்ட வீரர்கள், தலைவர் மாண்டார் எனக் கருதிச் சிதறி ஓடினர். ஔரங்கசீப் தம் யானையை விட்டு இறங்கவே இல்லை.

தோற்ற தாரா, லாகூர், சிந்து, குசராத்து என அலைந்தார். 1659இல் அஜ்மீருக்கு அருகிலும் தோற்றார். முன்னொரு காலத்தில் தம்மால் உயிர் காக்கப்பட்ட மாலிக் ஜீவனிடம் அடைக்கலம் புகுந்தார். அவனே அவரைப் பிடித்துக் கொடுத்தான். தில்லித் தெருக்களில் யானைமீது இழிவாகக் கொண்டுசெல்லப்பட்ட அவரைக் கண்டு மக்கள் கண்ணீர் வடித்தனர். அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டு, உமாயூன் கல்லறை வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அம்பாரி வெறுமையானது ஒரு நொடியில்தான். ஆயினும் தலைவருக்கும் படைக்கும் இடையிலான நம்பிக்கை அதற்கு முன்பே தேய்ந்திருந்தது. உறுதியான நம்பிக்கை கொண்ட படை ஒரு வதந்தியால் உடைவதில்லை. அந்நம்பிக்கையைப் போர்நாளில் தேடிப் பெற இயலாது; அமைதிக் காலத்திலேயே ஈட்டி வைத்தல் வேண்டும்.