காத்திருப்பைக் கணித்தவர்

டென்மார்க்கில் 1878ஆம் ஆண்டு, பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் எர்லாங். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 1908இல் அந்நகரத் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தார். தடங்கள் குறைந்தால் அழைப்போருக்கு இணைப்புக் கிடைக்காது. மிகுந்தால் பொருள் வீணாகும். எத்தனை தடங்கள் போதும் என்பதே அவர்முன் நின்ற வினா.

யார், எப்போது அழைப்பார் என்பதை முன்னறிய இயலாது. ஆயினும், அழைப்பு வரும்போதும் முடியும்போதும் மட்டுமே அமைப்பின் நிலை மாறுகிறது. இத்தனித்தனி நிகழ்வுகளை நிகழ்தகவால் ஆராய்ந்த எர்லாங், அழைப்புகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலுக்கு உட்படுவதை 1909இல் காட்டினார். தடங்களின் தேவையைக் கணிக்கும் சூத்திரங்களை 1917இல் வெளியிட்டார்.

1929இல் அவர் மறைந்தார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. கணினி வலையமைப்பு, தொழிற்சாலை, மருத்துவமனை எனக் காத்திருப்பு நேரும் இடங்களிலெல்லாம் அவர் தொடங்கிவைத்த கணக்கு பயன்படுகிறது.